வெளிநாட்டுச் சிறுவர் விளையாட்டு முகாமுக்குத் தன்னார்வலராகப் போவது எப்படி: நைரோபி அனுபவத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

என்னிடம் கால்பந்து பழகும் பெண்களில் யாராவது ஒருத்தி வருஷத்துக்கு ஒருமுறை இந்தக் கேள்வியோடு வந்து நிற்பாள்: "அக்கா, நீங்க கென்யா போன மாதிரி நானும் போகணும். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சொன்னதை எல்லாம் இங்கே சேர்த்து எழுதுகிறேன். நான் போனது நைரோபிக்கு, ஆகஸ்ட் விடுமுறையில் நடக்கும் சிறுவர் கால்பந்து முகாம்களுக்கு. இரண்டு முறை போனேன். முதல் முறை இரண்டு வாரம், அடுத்த முறை ஏழு வாரம். வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்கு விசா விதியும் தடுப்பூசியும் மாறும். மற்றதில் பெரும்பாலானது பொருந்தும்.

எத்தனை நாள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

என் முதல் பயணத்தில் பிள்ளைகளின் பெயர்கள் மனதில் பதியவே எட்டு நாள் ஆனது. பெயர்கள் பதிந்த அடுத்த வாரம் நான் விமானத்தில் இருந்தேன். அந்த இரண்டு வாரத்தில் எனக்குக் கிடைத்தது நிறைய. பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஒரு புது முகமும் நான்கைந்து புது விளையாட்டுகளும்தான். நான் வந்ததற்காக அங்கிருந்த பயிற்சியாளர் தன் வேலையை நிறுத்திவிட்டு எனக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதனால் என் முதல் அறிவுரை: குறைந்தது ஆறு வாரம் ஒதுக்க முடிந்தால் மட்டும் பிள்ளைகளோடு நேரடியாக வேலை செய்யப் போங்கள். இரண்டு வாரம்தான் முடியும் என்றால் வேறு வழி இருக்கிறது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை, முதலுதவியோ முழங்கால் காயத் தடுப்போ கோல்கீப்பர் பயிற்சியோ, அங்குள்ள பயிற்சியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போங்கள். பத்துப் பயிற்சியாளர்கள் கற்றுக்கொண்டால் அது நீங்கள் போன பிறகும் அங்கே இருக்கும்.

கென்யாவில் பள்ளி விடுமுறை ஏப்ரல், ஆகஸ்ட், அப்புறம் நவம்பர், டிசம்பர். முகாம்கள் இந்த மாதங்களில்தான் நடக்கும். மார்ச் முதல் மே வரை பெருமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிறுமழை. மண் மைதானம் சேறாகிவிடும். ஆகஸ்டுதான் காய்ந்த மாதம். முகாம் தொடங்கும் நாளில் போய் இறங்காதீர்கள். ஜூலை நடுவிலேயே போனால், பள்ளி முடிந்த மாலைகளில் நடக்கும் வழக்கமான பயிற்சிக்குப் போய் ஓரமாக நின்று பார்க்கலாம். என் இரண்டாவது பயணம் சரியாக அமைந்ததற்கு அந்த மூன்று வாரம்தான் காரணம்.

யாரிடம் போவது

இணையத்தில் தேடினால் முதலில் வருவது இடைத்தரகர்கள். அழகான படங்கள், "பிள்ளைகளின் வாழ்க்கையை மாற்றுங்கள்" என்ற வாசகம், வாரத்துக்கு இவ்வளவு கட்டணம். முதல் முறை நான் அப்படித்தான் போனேன். கட்டிய பணத்தில் எவ்வளவு முகாமுக்குப் போனது என்று கேட்டேன், பதில் வரவில்லை. அங்கே போன பிறகு பயிற்சியாளரிடம் கேட்டபோது, தங்கும் வீட்டுக்காரருக்கு மட்டும் பணம் வந்தது, முகாமுக்கு எதுவும் வரவில்லை என்றார். கட்டணம் வாங்குவது தவறில்லை. உங்களைத் தங்க வைத்துச் சோறு போட அவர்களுக்குச் செலவாகும். ஆனால் பணம் எங்கே போகிறது என்று எழுத்தில் சொல்லாதவர்களிடம் போகாதீர்கள்.

உள்ளூர்க்காரர்களே நடத்தும் அமைப்பைத் தேடுங்கள். கென்யாவில் அப்படிப்பட்டவை நிறைய. மிகவும் பெயர் பெற்றது மத்தாரே இளைஞர் விளையாட்டுச் சங்கம். நைரோபியின் மத்தாரே குடிசைப் பகுதியில் 1987-இல் கனடாக்காரரான பாப் மன்ரோ தொடங்கி வைத்தது. பிள்ளைகளின் லீக்கில் ஜெயித்தால் மட்டும்தான் புள்ளி என்பதில்லை. அணி முழுவதும் சேர்ந்து தெருவையும் சாக்கடையையும் சுத்தம் செய்தால் 6 புள்ளி. ஜெயிப்பதற்குக் கிடைப்பதைவிட அது அதிகம். 1992-இல் பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே வளர்ந்த பையன்களைக் கொண்டு 1994-இல் உருவான மத்தாரே யுனைடெட் 2008-இல் கென்ய பிரீமியர் லீக்கை வென்றது. கடற்கரை ஊரான கிலிஃபியில் பெண்களுக்கென்றே 2001-இல் தொடங்கிய 'மூவிங் த கோல்போஸ்ட்ஸ்' இன்னொரு நல்ல உதாரணம். இவர்கள் உங்களைக் கட்டாயம் சேர்த்துக்கொள்வார்கள் என்று நான் சொல்லவில்லை. இவர்களுடைய வேலை எப்படி இருக்கிறது என்று படித்துவிட்டால், மற்ற சின்ன அமைப்புகளை எடைபோட ஓர் அளவுகோல் கிடைத்துவிடும்.

எழுதும் முதல் மின்னஞ்சலில் உங்களைப் பற்றி ஒரு பத்தி போதும். அப்புறம் கேள்வி கேளுங்கள். முகாமை யார் திட்டமிடுகிறார்கள்? நான் வராவிட்டால் இந்த வேலையை யார் செய்வார்? பிள்ளைகள் பாதுகாப்புக்கென்று எழுதிவைத்த கொள்கை இருக்கிறதா? புகார் வந்தால் பொறுப்பாளர் யார்? இரண்டாவது கேள்வி மிக முக்கியம். "நீங்கள் வராவிட்டால் முகாமே நடக்காது" என்று பதில் வந்தால் யோசியுங்கள். நல்ல முகாம் நீங்கள் இல்லாமலும் நடக்கும். நீங்கள் இருந்தால் கொஞ்சம் இன்னும் நன்றாக நடக்கும்.

பதிலுக்கு அவர்களும் உங்களைக் கேள்வி கேட்க வேண்டும். எந்தச் சான்றும் கேட்காமல், "எப்ப வேணும்னாலும் வாங்க" என்று சொல்கிற இடம் உங்களிடம் மட்டும் அப்படிச் சொல்லாது. யார் வந்தாலும் அதே வார்த்தைதான். அங்கே பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இல்லை.

ஊரிலேயே மூன்று மாதம்

விளையாடத் தெரிந்தால் சொல்லிக்கொடுக்கத் தெரியும் என்று நினைக்காதீர்கள். வியாசர்பாடியில், பெரம்பூரில், உங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில், எங்கே பிள்ளைகள் பந்தோடு கூடுகிறார்களோ அங்கே போய் ஒரு பயிற்சியாளருக்கு உதவியாக மூன்று மாதம் நில்லுங்கள். கூம்பு அடுக்குவது, வருகைப் பதிவு எடுப்பது, அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்வது எல்லாம் அங்கே பழகிவிடும். முடிந்தால் அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பின் டி லைசென்ஸ் என்ற பயிற்சியாளர் படிப்பை முடித்துவிடுங்கள். முதலுதவிப் பயிற்சி கட்டாயம்.

அனுமதியும் ஆவணமும்

கென்யா 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதிலாக மின்னணுப் பயண அனுமதி தருகிறது. சுருக்கமாக இ.டி.ஏ. என்பார்கள். அரசு இணையதளத்திலேயே நேரடியாக விண்ணப்பிக்கலாம். அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் கட்டணம் வாங்கும் தளங்களும் உண்டு, முகவரியைக் கவனியுங்கள்.

ஆனால் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சுற்றுலாவுக்கான அனுமதியை வைத்துக்கொண்டு தன்னார்வ வேலை செய்யக் கூடாது. சம்பளம் வாங்காவிட்டாலும் கென்யச் சட்டத்தின் பார்வையில் அது வேலைதான். மாட்டினால் அபராதமும் உண்டு, நாடு கடத்தலும் உண்டு. குறுகிய கால வேலைக்கு 'ஸ்பெஷல் பாஸ்' என்ற அனுமதி இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது உங்களை அழைக்கும் அமைப்பு. "டூரிஸ்ட்னு சொல்லிட்டு வந்துடுங்க, ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மாட்டிக்கொள்ளும்போது உங்களோடு அந்த முகாமும் சேர்ந்து மாட்டும். பாஸுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பேச்சை ஆரம்பித்துவிடுங்கள்.

நன்னடத்தைச் சான்றை அவர்கள் கேட்காவிட்டாலும் எடுத்துப் போங்கள். பாஸ்போர்ட் அலுவலகம் தரும் காவல்துறைச் சான்றைச் சுற்றுலாப் பயணத்துக்குத் தர மாட்டார்கள், அதனால் அழைப்புக் கடிதம் கையில் இருக்க வேண்டும். அது இல்லாதவர்கள் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவை வழியாகச் சரிபார்ப்பு கேட்டுப் பார்க்கலாம்.

பிள்ளைகள் பாதுகாப்பு

இதைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நாம் நல்லவர்கள் என்பது நமக்குத் தெரியும், அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குத் தெரியாது. விதிகள் இருப்பது அந்த அம்மாவுக்காக.

2014-இல் உலக அளவில் விளையாட்டு அமைப்புகளும் யுனிசெஃப் போன்றவையும் சேர்ந்து விளையாட்டில் பிள்ளைகளைக் காக்க எட்டு நெறிகளை வெளியிட்டன. ஃபிஃபாவும் 2019-இல் 'கார்டியன்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன் பாடங்கள் இணையத்தில் இலவசம். கிளம்பும் முன் ஒரு வார மாலைகளை இதற்கு ஒதுக்குங்கள்.

மைதானத்தில் அது இப்படி இருக்கும். எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இன்னொரு பெரியவர் கண்ணில் படுகிற மாதிரி இருக்க வேண்டும். பிள்ளைகளை உங்கள் தங்கும் இடத்துக்கு அழைக்காதீர்கள். அவர்கள் உங்கள் இன்ஸ்டாகிராமில் சேரக் கேட்பார்கள், ஆறுதலாக மறுத்துவிடுங்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் பரிசு தராதீர்கள். பையனுடைய கிழிந்த ஷூவைப் பார்த்து மனசு தாங்காமல் வாங்கித்தரத் தோன்றும். பயிற்சியாளரிடம் சொல்லுங்கள், முகாம் வழியாகப் போகட்டும். இல்லையென்றால் மற்ற ஐம்பத்தொன்பது பேரும் அன்று இரவு என்ன நினைத்துக்கொண்டு தூங்கப்போவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

புகைப்படம். கென்யாவின் 2019-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பிள்ளைகள் பற்றிய தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம் தெருவில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்து சட்டை போடாத நம் தம்பியைப் படம் எடுத்துப் போட்டால் நமக்கு எப்படி இருக்கும்? நான் இரண்டாவது பயணத்தில் கைபேசியை மைதானத்துக்குள் எடுத்துப் போகவே இல்லை.

அடிப்பதும் தண்டிப்பதும். நம் ஊரில் விளையாட்டு கற்றவர்களுக்கு முட்டி போட வைப்பதும், தாமதமாக வந்தால் பத்து ரவுண்டு ஓட விடுவதும் இயல்பாகப் பட்டுவிடும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன், அப்படித்தான் கொஞ்ச காலம் சொல்லிக்கொடுத்தேன். கென்யாவின் 2010 அரசியலமைப்பு உடல் தண்டனையைத் தடை செய்கிறது. இங்கே நம் கல்வி உரிமைச் சட்டமும் பள்ளியில் அதைத் தடை செய்கிறது. ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் பிள்ளைக்கு ஓட்டமே வெறுத்துப்போகும். ஆட்டத்தைக் கெடுக்கும் பிள்ளையை இரண்டு நிமிடம் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுவது போதும்.

ஊசி, மருந்து, காப்பீடு

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்காதீர்கள். கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தல். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள், குறிப்பிட்ட நாட்களில் மட்டும். எனவே டிக்கெட் எடுத்தவுடன் இதற்கு நாள் வாங்குங்கள். முட்டை ஒவ்வாமை, கர்ப்பம், அறுபது வயதுக்கு மேல் என்றால் மருத்துவரிடம் முதலில் பேசுங்கள்.

நைரோபி கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மலேரியா அபாயம் குறைவு. விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள கிசுமு பக்கமோ கடற்கரைக்கோ போனால் நிலைமை வேறு. தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு இங்கிருந்தே வாங்கிப் போங்கள். உயரத்தால் முதல் வாரம் ஓடினால் மூச்சு வாங்கும். பிள்ளைகளோடு போட்டிபோட்டு ஓட வேண்டாம்.

காப்பீட்டில் இரண்டு வரிகளைத் தேடுங்கள்: விளையாட்டின்போது ஏற்படும் காயம், அவசரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் விமான ஊர்தி. நகரத்தைவிட்டுத் தள்ளி முகாம் என்றால் ஆம்ரெஃப் ஃப்ளையிங் டாக்டர்ஸ் அமைப்பின் குறுகிய கால உறுப்பினர் திட்டத்தையும் பாருங்கள்.

பெட்டியில் என்ன

ஆப்பிரிக்கா என்றதும் வெயிலுக்கு ஆயத்தமாகிப் போனேன். ஆகஸ்ட் காலையில் நைரோபி நம் ஊட்டி மாதிரி. மேகம் மூடி, கை விறைக்கும். ஸ்வெட்டர் வேண்டும், பதினொரு மணிக்கு மேல் தொப்பியும் வேண்டும்.

பிளாஸ்டிக் பை ஒன்றுகூட வேண்டாம். 2017 ஆகஸ்ட் 28 முதல் கென்யாவில் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை. அபராதம் 40 லட்சம் ஷில்லிங் வரை, சிறையும் உண்டு. நாம் பழக்கத்தில் ஷூவை, ஈரத் துணியை எல்லாம் கவரில் சுற்றிப் பெட்டிக்குள் திணிப்போம். மஞ்சப்பை நான்கைந்து எடுத்துப் போங்கள். ஷூவுக்கு ஒன்று, சந்தைக்கு ஒன்று.

பந்துகளும் பூட்ஸும் மூட்டை மூட்டையாகக் கொண்டு போகாதீர்கள். சுங்கத்தில் நிற்க வேண்டி வரும், பெட்டிக் கட்டணமும் கூடும். நைரோபியின் கிகோம்பா சந்தையில் பழைய துணியும் ஷூவும் மலைபோலக் குவிந்திருக்கும். அதற்கு 'மிதும்பா' என்று பெயர். உள்ளூர்ப் பயிற்சியாளரோடு போனால் பிள்ளைகளின் கால் அளவைச் சொல்லி பூட்ஸ் எடுத்துவிடலாம், பணமும் அந்த ஊரிலேயே தங்கும். இங்கிருந்து எடுத்துப் போக வேண்டியது: பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப், அதற்கான ஊசிகள் ஒரு டஜன், நல்ல விசில், முதலுதவிப் பெட்டி, அப்புறம் கோடு போட்ட கெட்டி அட்டை நோட்டுப் புத்தகம். நோட்டுப் புத்தகம் எதற்கென்று கடைசியில் சொல்கிறேன்.

பணத்துக்கு, இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு சிம் வாங்கி எம்-பெசா பதிந்துகொள்ளுங்கள். 2007-லிருந்து இருக்கும் கைபேசிப் பண முறை. வாழைப்பழக்காரரிலிருந்து மத்தாத்து வேன்வரை அதிலேயே வாங்கிக்கொள்வார்கள்.

முதல் வாரம்

ஆங்கிலம் போதும் என்பார்கள். அலுவலகத்துக்குப் போதும், எட்டு வயதுப் பிள்ளைக்குப் போதாது. இருபது ஸ்வாஹிலி சொற்கள் இருந்தால் மைதானம் ஓடும். பந்து ம்பிரா, வா என்றால் ஞ்ஜோ, நில் என்றால் சிமாமா, தண்ணீர் மாஜி, மெதுவாக என்றால் போலே போலே. நம் 'சரி' மாதிரி எல்லாவற்றுக்கும் உதவும் சொல் 'ஹாயா'. ஒரு பிள்ளை விழுந்தால் சுற்றி இருக்கும் எல்லோரும் 'போலே' என்பார்கள். தள்ளிவிட்டவன் கேட்கும் மன்னிப்பு அல்ல அது. நாம் "அச்சச்சோ" என்று பதறுகிற மாதிரி, வலியில் பங்கு கேட்கிற சொல். பயிற்சியாளருக்கு 'கோச்சா' என்று பெயர். உங்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நேரத்தைப் பற்றி ஒன்று. முதல் பயணத்தில் கோச்சா எனக்கு "கேஷோ, சா ம்பிலி" என்று செய்தி அனுப்பினார். கேஷோ என்றால் நாளை, ம்பிலி என்றால் இரண்டு. பிற்பகல் இரண்டு மணிக்குப் போய் நின்றேன். மைதானம் காலியாக இருந்தது. முப்பது பிள்ளைகள் காலை எட்டு மணியிலிருந்து எனக்காகக் காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஸ்வாஹிலியில் நேரம் சூரிய உதயத்திலிருந்து கணக்கு. ஏழு மணி என்பது ஒன்று, எட்டு மணி என்பது இரண்டு. நம் பாட்டிமார் உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய அதே முறை. அதை நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது. யாராவது ஸ்வாஹிலியில் நேரம் சொன்னால் ஆறு கூட்டிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் நமக்குச் சிரமம் இல்லை. உகாலி என்ற சோள மாவுக் களி, சுகுமா விக்கி என்ற கீரை, கிதேரி என்ற சோளமும் பயறும் சேர்ந்த அவியல். சப்பாத்தியும் சாயும் அங்கே வீட்டு உணவு. 1896-க்குப் பிறகு ரயில்பாதை போட இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் போனவர்களின் சுவடு அது.

முதல் வாரம் நீங்கள் எதையும் நடத்த வேண்டாம். வருகைப் பதிவு எடுங்கள், பந்துக்குக் காற்றடியுங்கள், பாருங்கள். எந்தப் பிள்ளை பத்து மணிக்குத் தளர்கிறது என்று கவனித்தேன். பாதிப் பேர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தார்கள். அந்த முகாமில் பத்து மணிக்கு உஜி என்ற கஞ்சி தருவார்கள். கடினமான பயிற்சியைக் கஞ்சிக்குப் பின் வைக்க வேண்டும் என்பது கோச்சாவுக்குத் தெரிந்திருந்தது. என் அழகான கால அட்டவணைக்குத் தெரியவில்லை.

ஒரு காலைப் பயிற்சி

இருபத்துநான்கு பிள்ளைகள், எட்டுப் பந்து, ஒரு மண் மைதானம் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான புதியவர்கள் செய்வது, பிள்ளைகளை நீண்ட வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராகக் கூம்புகளுக்கு நடுவே பந்தை ஓட்ட விடுவது. ஒரு பிள்ளைக்கு இருபது விநாடி என்றால், அடுத்த முறை பந்து காலுக்கு வர எட்டு நிமிடம் ஆகும். வரிசையில் நிற்கும் நேரத்தில் அவர்கள் ஒருவரை ஒருவர் தள்ளுவார்கள், நீங்கள் அதட்டுவீர்கள்.

இதற்குப் பதில், முதல் பத்து நிமிடம் எல்லோரும் ஓடும் பிடி விளையாட்டு. எட்டுப் பேர் காலில் பந்து, மற்றவர்கள் பறிக்க வேண்டும், பறித்தவர் ஓட்ட வேண்டும். அப்புறம் மைதானத்தை இருபதுக்குப் பதினைந்து மீட்டர் அளவில் நான்கு கட்டங்களாகப் பிரியுங்கள். கூம்பு இல்லையென்றால் செருப்பு போதும். கட்டத்துக்கு ஆறு பேர், மூவருக்கு மூவர், ஒரு பந்து. மீதி நான்கு பந்து கோட்டோரத்தில், வெளியே போனால் உடனே அடுத்தது உள்ளே. கோல்கீப்பர் வேண்டாம், இரண்டு செருப்புக்கு நடுவே சின்ன கோல். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அணிகள் இடம் மாறட்டும். ஒரு விதி மட்டும் சேருங்கள்: மூன்று பேரும் பந்தைத் தொட்ட பிறகுதான் கோல். நீங்கள் ஒரு வார்த்தை பேசாமலே பாஸ் கொடுக்கக் கற்றுவிடுவார்கள். நடுவில் பேசுவதென்றால் ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். வயது பன்னிரண்டுக்குக் கீழே என்றால் நான்காம் அளவுப் பந்து.

வாரத்தில் ஒருநாள் 'ஃபுட்பால் த்ரீ' ஆடுங்கள். கொலம்பியாவில் 1994-இல் அந்நாட்டுக் கால்பந்து வீரர் ஆந்திரேஸ் எஸ்கோபார் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, மெடெயின் நகரத்தில் இளைஞர்களின் வன்முறையைக் குறைக்கத் தொடங்கிய முயற்சியிலிருந்து வந்தது. நடுவர் கிடையாது. ஆட்டத்துக்கு முன் இரு அணிகளும் உட்கார்ந்து விதிகளை முடிவு செய்யும், அப்புறம் ஆட்டம், அப்புறம் மறுபடி உட்கார்ந்து யார் நேர்மையாக ஆடினார்கள் என்று பேசிப் புள்ளி தரும். எங்கள் முகாமில் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி எழுந்து, "கையில் பட்டது, நான்தான் சொல்லவில்லை" என்று சொல்லித் தன் அணியின் புள்ளியைக் குறைத்துக்கொண்டாள். அதற்குப் பின் அந்த வட்டத்தில் யாரும் கத்திப் பேசவில்லை.

தலையில் அடிபட்டால் அன்று ஆட்டம் முடிந்தது, சந்தேகமாக இருந்தாலும் முடிந்தது. அழுதாலும் உள்ளே விடாதீர்கள். அருகிலுள்ள மருத்துவமனை எது, எந்த வண்டி, யார் கூடப் போவது என்பதை முகாமின் முதல் நாளே சுவரில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகள் வர வேண்டுமென்றால்

பையன்கள் தானாக வந்துவிடுவார்கள். பெண் பிள்ளைகள் வருவது நேரத்தையும் கழிப்பறையையும் பொறுத்தது. தண்ணீர் பிடித்து, தம்பி தங்கையைப் பார்த்துவிட்டுத்தான் அவர்களால் கிளம்ப முடியும். தங்கையைத் தூக்கிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள், ஓரத்தில் ஒரு பாய் விரித்துவையுங்கள். இருட்டும் முன் வீடு சேர வேண்டும், அதனால் ஐந்து மணிக்கு முடித்துவிடுங்கள்.

கென்யாவில் 2017-இல் வந்த சட்டத் திருத்தப்படி பள்ளிச் சிறுமிகளுக்கு அரசு இலவச நாப்கின் தர வேண்டும். முகாம் நடப்பதோ பள்ளி மூடியிருக்கும் மாதத்தில். எனவே முகாமின் செலவுப் பட்டியலில் நாப்கினும் சோப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். கழிப்பறைச் சாவி ஒரு பெண் பயிற்சியாளரிடம் இருக்கட்டும், கேட்டு வாங்க வெட்கப்பட வைக்காத ஒருவரிடம். நான் இன்னும் ஒரு படி போய், சாவியை மைதானத்து வேப்பமரத்தில் ஓர் ஆணியில் மாட்டச் சொன்னேன். யாரையும் கேட்க வேண்டாம், எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது வாரத்திலிருந்து மாதவிலக்கு நாட்களில் விடுப்பு எடுப்பது குறைந்ததைப் பதிவேட்டில் பார்த்தோம்.

கிளம்புவதற்கு முன்

கடைசி இரண்டு வாரம் விசிலைக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் வடிவமைத்த பயிற்சியைக் கோச்சாவோ மூத்த பையன் பெண்களோ நடத்தட்டும், நீங்கள் பந்து பொறுக்குங்கள். கிளம்பும் தேதியைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். திரும்பி வருவேன் என்று, டிக்கெட் கையில் இல்லாமல், சொல்லாதீர்கள். "அடுத்த ஆகஸ்ட் வருவீங்களா கோச்சா?" என்று கேட்டபோது முதல் முறை நான் ஆமாம் என்றேன். இரண்டு ஆகஸ்ட் கழித்துத்தான் என்னால் போக முடிந்தது. போனபோது கேட்டவன் முகாமில் இல்லை, குடும்பம் ஊர் மாறியிருந்தது.

இப்போது அந்த நோட்டுப் புத்தகம். தினமும் பயிற்சி முடிந்ததும் கோச்சாவும் நானும் மரத்தடியில் உட்கார்ந்து அரைப் பக்கம் எழுதுவோம். எத்தனை பேர் வந்தார்கள், எது ஓடியது, எது ஓடவில்லை, யாருக்கு எங்கே காயம். இடப்பக்கம் அவர் ஸ்வாஹிலியில், வலப்பக்கம் நான் ஆங்கிலத்தில். கட்டங்களின் படத்தை அளவோடு வரைந்து வைப்போம். கிளம்பும் நாளில் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

கையில் மீதிப் பணம் இருந்தால், பிரிவு விருந்துக்குச் செலவழிப்பதைவிட உள்ளூர்ப் பயிற்சியாளர் ஒருவரின் லைசென்ஸ் படிப்புக் கட்டணத்துக்குக் கொடுங்கள். திரும்பி வந்த பிறகு செய்திகளுக்குப் பதில் போடுங்கள். டிசம்பர் முகாமின்போது கோச்சா ஒரு படம் அனுப்பினார். பிள்ளைகள் யாரும் அதில் இல்லை. நோட்டின் புதுப் பக்கம் மட்டும். மழையால் மைதானம் பாதியாகிவிட்டதாம், இருபதுக்குப் பதினைந்தை அடித்துவிட்டுப் பன்னிரண்டுக்கு எட்டு என்று கட்டத்தை மாற்றி வரைந்திருந்தார். வலப்பக்கம் காலியாக இருந்தது. அங்கே என்ன எழுதலாம் என்று கேட்டிருந்தார்.